மூடி திறக்கும் நேரம்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
9.6.2024

அன்புள்ள சுனிதா அக்காவுக்கு,

ஜெய்பீம். அம்மா, யசோ, நான் மூவரும் நலம். மலைக்குளிரில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சளி மட்டும் விடவில்லை. அபார்ட்மென்ட் படிக்கட்டுகளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. பானஸ்வாடி பக்கம் ஒரு பள்ளி, உதவி ஆசிரியை. அக்டோபர் வரை பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அம்மா ஹவுஸ்கீப்பிங் என்றேன். அக்கா கோத்தகிரியில் ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூலில் வேலை செய்கிறாள் என்றேன். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரிய சேதி இனிமேல்தான். அங்கே வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பாதி ஃபீஸ். உன் மகள் யசோவை மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். டை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இருந்து நகர மாட்டேன் என்கிறாள்.

அவளுக்கு மதிய டப்பா கட்டுவது இனி என் வேலை. ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன். "பி.காம் படிச்சவ டப்பா கட்றா, வந்து பாருங்கடி" என்று அம்மா வாசலில் நின்று தெருவுக்கே சொல்கிறாள். சந்தோஷம்தான், வேறென்ன. நான் கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் நீ ஊரார் வீட்டு அடுப்படியில் நின்றாய். உன் பிள்ளைக்கு நான் சமைக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு "ஆமா", "சரி" தவிர வேறு வார்த்தை வருவதில்லை. அம்மா ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் அவளே பேசிவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெய்பீம்.
சோனியா


கோத்தகிரி
23.6.2024

சோனியாவுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதே. அம்மாவை மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்.

உன் கடிதத்தை ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், என் மகள் டை கட்டுகிறாள். ஒன்று சொல்கிறேன், மறக்காதே. எது வந்தாலும் இந்த வேலையை விட்டுவிடாதே. யாராவது ஏதாவது சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு இரு. உனக்குத்தான் அது நன்றாக வருமே. நீ போனால் அவள் படிப்பும் போகும். அவள் அப்பன் திரும்பி வந்து ஃபீஸ் கட்டப் போவதில்லை.

இங்கே நூற்றெண்பது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சமைக்கிறோம். என் பிள்ளை என்ன தின்றாள் என்பது மட்டும் எனக்குத் தெரிவதில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். மேட்டுப்பாளையம் சந்தையில் காய்ந்த சின்ன இறால் வாங்கி, வெறும் சட்டியில் வறுத்து, பூண்டு, மிளகாய், புளி வைத்துப் பொடி இடித்திருக்கிறேன். எங்கள் விடுதி நர்ஸ் பிரிஜெட் அக்கா பெங்களூரு விவேக் நகர்க்காரர், மாதம் ஒருமுறை அங்கே மாதாகோயிலுக்கு வருவார். அவரிடம் பாட்டிலைக் கொடுத்து விட்டிருக்கிறேன். சூடான சோற்றில் இரண்டு ஸ்பூன், நாலு சொட்டு எண்ணெய். அதைப் பிசைந்து டப்பாவில் வைத்தால் மதியம் ஊறி நன்றாக இருக்கும். சின்னதில் அவளுக்கு இது ஒன்றைப் போட்டால் போதும், தட்டை நக்கிவிடுவாள்.

தினமும் ஒரு வேளையாவது அவள் என் கைச் சாப்பாட்டைச் சாப்பிடட்டும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.
சுனிதா


ஜீவனஹள்ளி
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். எல்லோரும் நலம். பாட்டில் வந்தது. மூடியைத் திறந்ததும் யசோ மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு, "சித்தி, அம்மா வாசனை" என்றாள். தினமும் கேட்கிறாள்.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு பி பிரிவு என் பொறுப்பு, யசோ இருக்கும் வகுப்புதான். பன்னிரண்டு இருபதுக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் டப்பாவை மேஜைமேல் வைத்துக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் 'ஓப்பன்' என்றதும் முப்பத்தாறு மூடியும் ஒன்றாகத் திறக்கும். கையில் நோட்டோடு வரிசை வரிசையாக நடப்பேன். பள்ளி ஒரு கார்டு கொடுத்திருக்கிறது. திங்கள் சப்பாத்தி, செவ்வாய் சாம்பார் சாதம், புதன் இட்லி, இப்படி. கார்டில் உள்ளது இருந்தால் டிக், வேறு இருந்தால் பெயர். மீன், கறி, முட்டை எதுவும் கூடாது. அதற்குப் பிறகுதான் பிரார்த்தனை, சாப்பாடு.

போன வாரம் சுஹாஸ் என்ற பையனின் சோற்றுக்கு அடியில் பாதி முட்டை இருந்தது. அவனுக்கே தெரியாது. அவன் அம்மா மறைத்து வைத்திருக்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் பிரிவுத் தலைவி ஜெயலட்சுமி மேம் வாசலில் நின்றிருந்தார். கோபப்படவே மாட்டார், சிரித்துக்கொண்டுதான் பேசுவார். "சோனியா, பெயர் எழுதும்மா. இன்னிக்கு விட்டா நாளைக்கு என்னென்னவோ வரும்" என்றார். எழுதினேன். முட்டையை ஈரக்குப்பை பக்கெட்டில் போட்டேன். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மேஜைக்குப் போனேன். இப்போது பழகிவிட்டது.

இரவில் யசோவுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். 'ழ' மட்டும் முதுகு வளைந்து விழுகிறது.

பிரிஜெட் அக்காவுக்கு என் நன்றி. ஜெய்பீம்.
சோனியா


கோத்தகிரி
28.7.2024

சோனியாவுக்கு,

நலம். மழை விடாமல் பெய்கிறது, விறகெல்லாம் ஈரம். கேஸ் அடுப்பு இருந்தாலும் சோற்று அண்டாவுக்கு விறகுதான்.

உன் கடிதத்தில் எனக்கு ஒன்று புரியவில்லை. முட்டையே கூடாது என்றால் என் பொடியை எப்படி வைக்கிறாய்? யசோ தினமும் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். தினமும் கொடுக்கிறேன் என்று எழுதவில்லை.

போன செவ்வாய் அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு மீந்தது, எழுது. ஞாயிறு போனில் கேட்டால் "ம்" என்கிறாள். அவளும் உன்னைப்போல ஆகிவிட்டாளா?

நன்றாக இருங்கள்.
சுனிதா


ஜீவனஹள்ளி
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பரீட்சைத் தாள், ஆசிரியர் தின நிகழ்ச்சி, ஒன்று மாற்றி ஒன்று. அம்மாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. உன் கஷாயம்தான்.

செவ்வாய் சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல். பொரியல் மீந்தது. பொடியைப் பற்றிக் கவலைப்படாதே. பள்ளிக்கு வைக்க முடியாது என்பதால் இரவு வீட்டில் போட்டுக் கொடுக்கிறேன்.

ஜெயலட்சுமி மேம் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார். ஒருநாள் யசோவின் தலையைத் தடவிக்கொண்டே, "ஒங்க வீட்டுப் பாப்பா கிட்ட ஏதோ ஒரு வாசனை வருது இல்ல, சோனியா? சும்னே, சும்மாதான் கேட்டேன், தப்பா எடுத்துக்காதே" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து காலையில் அவள் கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து அனுப்புகிறேன். யூனிஃபார்மை அடுப்படிப் பக்கம் மாட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தியிருக்கிறோம். "நீ சம்பாரிக்க ஆரம்பிச்சதும் எனக்கு வாய் கட்டிப் போச்சு" என்று அம்மா முணுமுணுக்கிறாள்.

அக்டோபர் வரைக்கும்தான் அக்கா. நிரந்தரம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உன் தங்கை,
சோனியா


கோத்தகிரி
15.9.2024

சோனியாவுக்கு,

ஒரு பாட்டில், தினமும் இரண்டு ஸ்பூன் போட்டால் நாற்பது நாள் வரும். சமையல்காரிக்கு அளவு தெரியாதா? அது உன் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அடுத்த பாட்டில் அனுப்பு என்று நீ கேட்கவில்லை.

நானே அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு பிரிஜெட் அக்கா கொண்டுவருவார். யசோவின் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளை எனக்கு நாலு வரி எழுதச் சொல்.

சுனிதா


ஜீவனஹள்ளி
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். நலம். இரண்டாவது பாட்டில் வந்து சேர்ந்தது. நானே கேட்க நினைத்தேன், அதற்குள் நீ அனுப்பிவிட்டாய்.

தசரா லீவு விட்டிருக்கிறார்கள். பதினான்காம் தேதி, நம்மவர்கள் பௌத்தம் தழுவிய தீக்‌ஷா நாளுக்கு அம்மா புத்த விகாரைக்குப் போகிறாள், யசோவையும் கூட்டிப் போவாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், வேலை இருக்கிறது.

யசோ கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், வளர்கிற வயசு. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். டப்பா தினமும் காலியாகத்தான் வருகிறது.

அவளை எழுதச் சொன்னேன். கூச்சப்படுகிறாள்.

நிரந்தரக் கடிதம் லீவு முடிந்ததும் கையில் கொடுப்பார்களாம்.

சோனியா


ஞாயிறு

அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா. எழுத்து எல்லாம் சித்தி சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா இந்த லெட்டர் சித்திக்குத் தெரியாது. பாட்டி போஸ்ட் பண்றேன்னு சொன்னாங்க.

நீ அனுப்பின பாட்டில் ரெண்டும் பரண் மேல இருக்கு. மாவு டப்பாவுக்குப் பின்னாடி. ஃபர்ஸ்ட் பாட்டில்ல ஒரு நாள்தான் போட்டாங்க. அப்புறம் மேல வெச்சிட்டாங்க. சித்தி குளிக்கப் போனப்ப நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். சாம்பார் சாதத்த ஓரம் தள்ளிட்டு, ரெண்டு ஸ்பூன்தான் போட்டேன்.

மூடி திறந்ததும் ஜெயலட்சுமி மிஸ் மூக்கப் பிடிச்சாங்க. அப்புறம் எல்லாரும் பிடிச்சாங்க. சித்தி பிடிக்கல. யாரு வெச்சதுன்னு மிஸ் கேட்டாங்க. வீட்ல சமையலுக்கு வர அம்மா தெரியாம வெச்சிட்டாங்கன்னு சித்தி சொன்னாங்க. எங்கம்மா பண்ணதுன்னு நான் சொன்னேன். சும்மா இருன்னு சித்தி சொன்னாங்க. நம்ம வீட்ல சமையல்கார அம்மா இருக்காங்களா?

இப்ப நான் காலைல இன்டர்வெல்ல டப்பாவ பக்கெட்ல கொட்டிடறேன். உள்ள ஒன்னும் இல்லன்னா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. சித்தியும் டிக் போட்டுடறாங்க.

அடுத்த பாட்டில் அனுப்பாத. பரண்ல இடம் இல்ல.

யசோதரா, 3 பி


கோத்தகிரி
3.11.2024

சோனியா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

யசோவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொல்லிக் கொடுத்த எழுத்துதான், படித்துப் பார். 'ழ' இப்போது நன்றாக நிற்கிறது.

சமையல்காரி வைத்தது என்று சொன்னாயாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் சமையல்காரிதான். பத்து வருஷமாக அடுத்தவர் பாத்திரம் கழுவி, அடுத்தவர் அடுப்பில் கொதிக்க வைத்து, உன்னை பி.காம் ஆக்கிய சமையல்காரி. இன்டர்வியூவில் கேட்கவில்லை, சொல்லவில்லை என்று எழுதினாய். கேட்டபோது நன்றாகவே சொல்லியிருக்கிறாய்.

அவளைத் தினமும் பட்டினி கிடக்கவிட்டு டிக் போட்டாயா, இல்லையா? அது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

சுனிதா


ஜீவனஹள்ளி
24.11.2024

அக்கா,

போட்டேன்.

அதற்குமேல் எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள்.

அன்றைக்கு யசோ இரண்டாவது வரிசையில் ஓரத்தில் இருந்தாள். 'ஓப்பன்' என்றதும் வாசனை முதலில் எனக்குத்தான் வந்தது. நீ இடித்த பொடியை எனக்குத் தெரியாதா? சின்னதில் எனக்கும் நீதானே பிசைந்து ஊட்டினாய். அந்த ஒரு நொடி வாயில் எச்சில் ஊறியது அக்கா. அதற்குள் ஜெயலட்சுமி மேம் உள்ளே வந்துவிட்டார்.

"ஐயோ, இது உங்க பாப்பா டப்பா இல்ல? யாரும்மா பேக் பண்ணது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். முப்பத்தாறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். சுஹாஸும் பார்த்தான். நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. எங்கேயோ தயாராக இருந்திருக்கிறது, வாய் திறந்ததும் வந்துவிட்டது. "சமையலுக்கு வர அம்மா, மேம்." அவர் நம்பினார். "அதானே பார்த்தேன். ஆளை மாத்திடு, சோனியா" என்றார். அப்போதுதான் யசோ, "எங்கம்மா பண்ணது மிஸ்" என்றாள். சத்தமாகச் சொன்னாள். என்னைப்போல இல்லை அவள்.

டப்பாவை நானே பக்கெட்டில் கொட்டினேன். மேம் அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அவள் அதை உரிக்கவில்லை.

மறுநாள் அவள் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. காலையில் நான் வைத்த இட்லி மூன்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்வாள், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள். கார்டில் காலி டப்பாவைப் பற்றி எதுவும் இல்லை. டிக் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனேன். பதினோரு நாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் தட்டு நிறையப் போட்டுக் கொடுப்பேன், வேகமாகச் சாப்பிடுவாள். அதைப் பார்த்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

நீதான் எழுதினாய், எது வந்தாலும் வேலையை விடாதே, வாயை மூடிக்கொண்டு இரு என்று. அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உன்மேல் பழி போட இல்லை. கொஞ்சம் போடத்தான்.

நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது.

சோனியா


கோத்தகிரி
15.12.2024

சோனியா,

ஆமாம், எழுதினேன். நீ சொன்னதில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதியை நீ வைத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் லீவில் வந்து யசோவைக் கூட்டிப் போகிறேன். டி.சி. வாங்கி வை. இங்கே மலைக்குக் கீழே அரசுப் பள்ளி இருக்கிறது. தமிழ் மீடியம், டை கிடையாது. அவளை என்னவாக நினைத்தேனோ அது நடக்காது என்று தெரியும். மதியம் தட்டில் சோறு போட்டு முட்டை வைக்கிறார்கள். தட்டுக்கு மூடி கிடையாது.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். அம்மா கூட்டி வரட்டும்.

சுனிதா


ஜீவனஹள்ளி
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். யசோவுக்குக் குளிர் ஒத்துக்கொண்டதா? உன் முழங்கால்? நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரிந்தும் கேட்கிறேன், கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவளுடைய நீல டப்பாவை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறந்துவிட்டாள் என்று அனுப்பி வைக்க நினைத்தேன். "மறக்கல, வேணாம்னுதான் வெச்சுட்டுப் போனா" என்றாள் அம்மா. ஒன்றரை மாதம் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

பள்ளியில் பிரைமரி வகுப்புகள் எல்லாவற்றுக்கும் மூடி திறக்கும் நேரத்தை இனி நான்தான் பார்க்க வேண்டுமாம். ஜெயலட்சுமி மேம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கைதட்டினார்கள்.

இன்னமும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பரணிலிருந்து உன் பாட்டில்கள் இரண்டையும் இறக்கினேன். பழையது கொஞ்சம் கட்டி தட்டியிருக்கிறது, புதியது அப்படியே இருக்கிறது. போன திங்கட்கிழமை சூடான சோற்றில் இரண்டு ஸ்பூன், நாலு சொட்டு எண்ணெய், நீ எழுதியபடி பிசைந்து அந்த நீல டப்பாவில் வைத்து எனக்காக எடுத்துப் போனேன். ஸ்டாஃப் ரூமில் நீள மேஜை. எல்லோரும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். எங்கள் டப்பாக்களை யாரும் பரிசோதிப்பதில்லை. பக்கத்தில் இருந்த மிஸ், "ஏன் சோனியா, சாப்பிடலையா?" என்று கேட்டார். பசியில்லை என்றேன். பசித்தது.

செவ்வாயும் கொண்டுபோனேன். புதனும். இதோடு ஆறு நாள் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆறிப்போனதைச் சாப்பிடுகிறேன். நன்றாக ஊறியிருக்கிறது.

நாளைக்கும் கொண்டுபோவேன் அக்கா. இன்னும் அங்கே மூடியைத் திறக்கவில்லை.

சோனியா